ஆறு இலக்க எண் ஏன் நழுவுகிறது? மூளையின் தாளமும் கம்ப்யூட்டரின் ராமும்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரத்தில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ராம் என்கிறார்கள், ஹார்டு டிஸ்க் என்கிறார்கள். இரண்டுமே நினைவகம்தானே, எதற்கு இரண்டு?" இதற்குப் பதில் சொல்லப் போய், நான் மனித மூளையைப் பற்றியும் படிக்க வேண்டி வந்தது. காரணம் என் அப்பா.

அப்பா ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் 30 ஆண்டுகளுக்கும் மேல் அசெம்பிளி லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படித்துவிட்டு, தினமும் அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூருக்குச் சாப்ட்வேர் வேலைக்குப் போய் வருகிறேன். சென்ற ஆண்டு வீட்டுக்கு ஒரு லேப்டாப் வாங்கினேன். கரண்ட் பில் கட்டுவதையாவது அப்பா தானே செய்து பழகட்டும் என்று நினைத்தேன்.

எல்லாம் சரியாகத்தான் போயிற்று, ஓ.டி.பி. வரும் வரை. செல்போனில் ஆறு எண்கள் வந்தன. அப்பா படித்தார். கீபோர்டு பக்கம் திரும்பினார். அந்த நேரம் பார்த்து அம்மா, "காபி வைக்கட்டுமா?" என்றார். "ம்" என்றார் அப்பா. முதல் இரண்டு எண்களுக்குப் பிறகு விரல் நின்றுவிட்டது. மறுபடி செல்போனைப் பார்த்தார். மறுபடி பிசகியது. மூன்றாம் முறை நான் பொறுமை இழந்து, "ஆறே ஆறு நம்பர்தானேப்பா!" என்றேன்.

அப்பா லேப்டாப்பை மூடிவிட்டார். "பெரியப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சு போல, கண்ணு" என்றார். பெரியப்பா தன் கடைசி வருடங்களில் தெரு முனைக் கடைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றவர். அப்பா அன்று விளையாட்டாகச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு நான் பிறகு விளக்கிச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் பழகும் பலரும், குறிப்பாக வயதில் பெரியவர்கள், இதே இடத்தில் மனம் தளர்ந்து போகிறார்கள்.

ராம் எப்படி மறக்காமல் இருக்கிறது?

முதலில் உங்கள் கம்ப்யூட்டரில் ராமைப் பார்த்துவிடுவோம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்னும் விண்டோ திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் என்னும் பகுதியைத் தேர்ந்தெடுத்து, மெமரி என்பதைக் கிளிக் செய்யுங்கள். உங்கள் ராம் எத்தனை ஜி.பி., அதில் இப்போது எவ்வளவு பயன்பாட்டில் இருக்கிறது என்பது தெரியும்.

ஹார்டு டிஸ்க்கில் எழுதியது மின்சாரம் போனாலும் இருக்கும். ராமில் உள்ளது போய்விடும். இது பலருக்கும் தெரிந்ததுதான். அதிகம் பேருக்குத் தெரியாத செய்தி, மின்சாரம் இருக்கும்போதே ராம் மறந்துகொண்டிருக்கிறது என்பது!

வீட்டுக் கம்ப்யூட்டர்களில் உள்ள ராமின் பெயர் டி-ராம். ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1966-ல் கண்டுபிடித்து, 1968-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச் சிறிய கெபாசிட்டரில் மின்னூட்டமாக நிற்கிறது. அந்த மின்னூட்டம் ஓட்டை வாளியில் உள்ள தண்ணீர் போலக் கசிந்துகொண்டே இருக்கும். அது முழுவதும் கசிந்து போவதற்குள், படித்துப் பார்த்து மறுபடி நிரப்ப வேண்டும். இதற்கு ரெப்ரெஷ் என்று பெயர். டி.டி.ஆர்.4 வகை ராமில் ஒவ்வொரு வரிசையும் சாதாரணமாக 64 மில்லி விநாடிகளுக்குள் ஒரு முறை நிரப்பப்படுகிறது. அதாவது விநாடிக்குச் சுமார் 16 முறை. இந்த வேலை நின்றால், மின்சாரம் இருந்தாலும் நீங்கள் டைப் செய்த கடிதம் காணாமல் போகும்.

இதிலிருந்து ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தற்காலிக நினைவு என்பது எங்கோ எழுதி வைத்துவிட்டு மறந்துவிடக்கூடிய வேலை அன்று. ஒழுங்கான தாளத்தில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை.

மூளையின் ராம் எவ்வளவு பெரியது?

மூளையிலும் இந்த இரு வகை நினைவுகள் உண்டு. உங்கள் திருமண நாள் நீண்ட கால நினைவில் இருக்கிறது. இப்போது செல்போனில் பார்த்த ஓ.டி.பி. குறுகிய கால நினைவில் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953-ல் வலிப்பு நோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தது. மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் பெரும்பங்கை அகற்றினார்கள். அதன் பிறகு 2008-ல் இறக்கும் வரை, புதிதாகச் சந்தித்தவர்களையும் நடந்தவற்றையும் அவரால் நினைவில் பதிக்க முடியவில்லை. ஆனால் சில எண்களைச் சொன்னால், கவனம் சிதறாத வரை அவற்றைச் சரியாகத் திருப்பிச் சொல்வார். நம் மொழியில் சொன்னால், ராம் வேலை செய்தது, சேவ் ஆகவில்லை.

இந்த ராமின் அளவு என்ன? 1956-ல் ஜார்ஜ் மில்லர் என்னும் உளவியல் அறிஞர் சுமார் 7 என்று கணக்குச் சொன்னார். ஆளுக்கு ஆள் 2 கூடலாம், 2 குறையலாம். 2001-ல் நெல்சன் கோவன் என்பவர், மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது போன்ற உதவிகளை எல்லாம் நீக்கிவிட்டால் உண்மையான அளவு 4-ஐ ஒட்டியதுதான் என்று வாதிட்டார். 8 ஜி.பி. ராம் போதவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போடும் நமக்குத் தலைக்குள் இருப்பது நாலோ ஏழோ இடங்கள்தான்!

ஓசூரில் இதற்கு ஒரு கூடுதல் சுவாரசியம் உண்டு. எங்கள் சந்தையில் ஒரே கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில் எண்களைக் கேட்கலாம். ஆங்கிலத்தில் 1 முதல் 9 வரை, 7-ஐத் தவிர எல்லாம் ஓர் அசைச் சொற்கள். தமிழில் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று பெரும்பாலும் ஈரசை. தெலுங்கில் 8-க்கு "எனிமிதி" என்று நான்கு அசை. மனதுக்குள் சொல்லிப் பார்க்க அதிக நேரம் பிடிக்கும் மொழியில், நினைவில் நிற்கும் எண்கள் குறைகின்றன. பிரிட்டனில் வேல்ஸ் மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம் இதைச் சோதித்து, 1980-ல் எல்லிஸ், ஹென்னலி என்ற இருவர் வெளியிட்டார்கள். வேல்ஸ் எண்களை உச்சரிக்க அதிக நேரம் ஆகும். அதே ஆட்கள் ஆங்கிலத்தில் அதிக எண்களை நினைவில் வைத்தார்கள். சுமார் 2 விநாடிக்குள் சொல்லி முடிக்கக் கூடியதுதான் நிற்கிறது என்பது ஆலன் பேட்லி முதலியோர் கண்ட ஒரு தோராயக் கணக்கு. ஓட்டை வாளியும் ரெப்ரெஷும் இங்கே மறுபடி தலைகாட்டுவதைக் கவனித்தீர்களா?

மூளை அலை என்றால் என்ன?

மூளையில் உள்ள நியூரான்கள் மின் துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. பல லட்சம் நியூரான்கள் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும்போது, அந்த ஏற்ற இறக்கத்தைத் தலைக்கு மேலிருந்தே அளக்க முடிகிறது. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்னும் மருத்துவர் 1924-ல் மனித மூளையின் இந்த அலைகளை முதன்முதலில் பதிவு செய்து, 1929-ல் வெளியிட்டார். இன்று மருத்துவமனைகளில் எடுக்கும் இ.இ.ஜி. அதன் வழி வந்ததுதான்.

நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை மாறுகிறது. அதை 50 ஹெர்ட்ஸ் என்கிறோம். மூளை அலைகளையும் அதே அலகில்தான் அளக்கிறார்கள். விநாடிக்கு 4 முதல் 8 வரை இருந்தால் தீட்டா. 8 முதல் 13 வரை ஆல்பா. கண்ணை மூடி ஓய்வாக இருந்தால் இது நன்றாகத் தெரியும். 13-க்கு மேல் 30 வரை பீட்டா. அதற்கு மேல் காமா. நம் கதைக்கு முக்கியமானவை மெதுவான தீட்டாவும் வேகமான காமாவும்.

ஏழு இடங்கள் எங்கிருந்து வந்தன?

1995-ல் ஜான் லிஸ்மன், மார்கோ இடியார்ட் என்ற இரு விஞ்ஞானிகள் ஓர் அழகான கணக்கை வெளியிட்டார்கள். அப்பாவுக்கு இதை அசெம்பிளி லைனை வைத்துத்தான் விளக்கினேன்.

வட்டமாகச் சுற்றி வரும் ஒரு கன்வேயரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று என்பது ஒரு தீட்டா அலை. தீட்டா 6 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 167 மில்லி விநாடி. கன்வேயரில் சிறு சிறு தட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு தட்டும் ஒரு காமா துடிப்பு. காமா 40 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு தட்டுக்கு 25 மில்லி விநாடி. 167-ஐ 25-ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறக்குறைய 7!

ஓ.டி.பி. 4, 7, 1 என்று தொடங்கினால், 4-க்கு உரிய நியூரான்கள் முதல் தட்டிலும், 7-க்கு உரியவை இரண்டாம் தட்டிலும், 1-க்கு உரியவை மூன்றாம் தட்டிலும் துடிக்கும். எல்லா எண்களும் ஒரே நேரத்தில் துடித்தால் குழம்பிவிடும். நேரத்தால் பிரித்து வைப்பதால் குழப்பம் இல்லை, வரிசையும் மாறுவதில்லை.

ஒரு நியூரான் துடித்த பிறகு, சிறிது நேரத்தில் மறுபடி துடிக்கத் தயாராகும் வகையில் அதன் உள் மின்னழுத்தம் மெல்ல உயர்கிறது. அது உயர்ந்திருக்கும்போது அடுத்த சுற்று வந்துவிட்டால் நியூரான் மறுபடி துடிக்கிறது, நினைவு புதுப்பிக்கப்படுகிறது. சுற்று தவறினால் மின்னழுத்தம் இறங்கிவிடும், எண் போய்விடும். ராமின் ரெப்ரெஷ் போலவேதான். ராம் விநாடிக்கு 16 முறை செய்வதை மூளை விநாடிக்கு 6 முறை செய்கிறது என்பது இவர்களின் கருத்து.

இதற்குப் பொருந்தும் ஒரு பழைய அளவீடும் இருக்கிறது. 1966-ல் பெல் ஆய்வகத்தில் சால் ஸ்டெர்ன்பெர்க் என்பவர், சில எண்களைக் காட்டிவிட்டு, "இந்த எண் அதில் இருந்ததா?" என்று கேட்டார். நினைவில் வைக்க வேண்டிய எண் ஒவ்வொன்று கூடும்போதும் பதில் வர ஏறத்தாழ 38 மில்லி விநாடி கூடியது. ஒவ்வொரு தட்டாகச் சரிபார்த்தால் ஆகும் நேரத்துக்கு இது நெருங்கி வருகிறது.

ஃபேன் சத்தமா, உண்மையான வேலையா?

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். கம்ப்யூட்டர் கடினமாக உழைக்கும்போது ஃபேன் வேகமாகச் சுற்றுகிறது. அதனால் ஃபேன்தான் கணக்குப் போடுகிறது என்று சொல்ல முடியுமா? மூளை அலையும் அப்படி ஒரு சத்தமாக இருக்கலாம் அல்லவா?

விஞ்ஞானிகளுக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. அலைக்கு ஆதரவான சான்றுகளை முதலில் பார்ப்போம். வலிப்பு நோய் சிகிச்சைக்காகச் சிலருக்கு மூளையின் மேலேயே எலெக்ட்ரோடு வைப்பார்கள். அத்தகைய நோயாளிகளின் ஒப்புதலோடு நினைவுச் சோதனை செய்து, ஸ்ரீதர் ராகவாச்சாரியும் உடன் பணியாற்றியவர்களும் 2001-ல் முடிவுகளை வெளியிட்டனர். எழுத்துகளை நினைவில் வைக்கத் தொடங்கியதும் பல இடங்களில் தீட்டா அலை உயர்ந்தது, வைத்திருக்கும் வரை நின்றது, வேலை முடிந்ததும் இறங்கியது. 2010-ல் நிகோலாய் அக்ஸ்மாக்கர் குழுவினர், நினைவில் வைக்க வேண்டியவை கூடும்போது ஹிப்போகாம்பஸில் தீட்டாவின் வேகம் குறைவதைக் கண்டார்கள். சுற்று நீண்டால் அதிகத் தட்டுகள் கொள்ளும் அல்லவா?

ஃபேனா, இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, அலையை மாற்றிப் பார்ப்பதுதான். 2018-ல் ஒரு குழு, தலைக்கு மேலிருந்து மிகச் சிறிய மாறு மின்னோட்டம் கொடுத்துப் பார்த்தது. 4 ஹெர்ட்ஸில் கொடுத்தபோது நினைவில் நிற்கும் பொருட்கள் கூடின. 7 ஹெர்ட்ஸில் கொடுத்தபோது குறைந்தன. கணக்கு சொல்வதும் இதைத்தான். 2019-ல் ராபர்ட் ரெய்ன்ஹார்ட், ஜான் நுயென் இருவரும் 60 முதல் 76 வயது வரை உள்ளவர்களுக்கு 25 நிமிடம் இவ்வகை மின்னோட்டம் கொடுத்தபோது, அவர்களின் குறுகிய கால நினைவு இளைஞர்களின் அளவுக்கு உயர்ந்து, சோதனை நடந்த 50 நிமிடமும் நின்றது.

இனி எதிர்த் தரப்பு. வேறு குழுக்கள் செய்த இத்தகைய சோதனைகளில் எப்போதும் ஒரே மாதிரி முடிவு வரவில்லை. 1971-லேயே குரங்குகளின் முன் மூளையில், நினைவில் வைத்திருக்கும் நேரம் முழுவதும் துடித்துக்கொண்டே இருக்கும் நியூரான்களைக் கண்டார்கள். தொடர்ந்து துடித்தால் போதும், தாளம் எதற்கு என்பது ஒரு கட்சி. நியூரான்கள் துடிக்காமலே, அவற்றின் இணைப்புகளில் சில விநாடிகளுக்கு நினைவு தங்கும் என்பது 2008-ல் வந்த இன்னொரு கட்சி. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஏர்ல் மில்லர் குழுவினர் 2016-ல், காமா சீராக ஓடவில்லை, விட்டு விட்டுச் சிறு வெடிப்புகளாக வருகிறது, பீட்டா கதவு போல அதைத் திறந்து மூடுகிறது என்று காட்டினார்கள்.

ஆகவே, தாளம் குறுகிய கால நினைவுக்குத் துணை நிற்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. ஆனால் லிஸ்மன் கணக்கு அப்படியே உண்மை என்று முடிவாகவில்லை. எல்லாக் கட்சியினரும் ஏற்கும் செய்தி ஒன்றுதான். குறுகிய கால நினைவின் இடம் சிறியது, இடையூறு வந்தால் எளிதில் கலைந்துவிடும்.

நம் ஊருக்கு அருகில் என்ன நடக்கிறது?

இந்த ஆராய்ச்சிக்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர். அங்கே இந்திய அறிவியல் கழகத்தில் சுப்ரதிம் ரே என்பவரின் ஆய்வகம் காமா அலையைப் பற்றி ஆராய்ந்து வருகிறது. பெங்களூரில் வசிக்கும், 50 முதல் 88 வயது வரையிலான 200-க்கும் மேற்பட்டவர்களுக்கு, கம்ப்யூட்டர் திரையில் கறுப்பு வெள்ளைக் கோடுகளைக் காட்டி இ.இ.ஜி. எடுத்தார்கள். ஆரோக்கியமாக இருப்பவர்களிடமும் வயது கூடக் கூடக் காமா வலு குறைவதை 2020-ல் வெளியிட்டார்கள். மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவர்களிடம், அதே வயதுள்ள மற்றவர்களைவிட அது இன்னும் குறைவு என்பதை 2021-ல் வெளியிட்டார்கள். இது பார்வையோடு தொடர்புடைய காமா, நினைவுச் சோதனை அன்று. ஆயினும், திரையைச் சிறிது நேரம் பார்க்க வைத்தே மூளையின் நிலையை அறிய முடியுமா என்ற நம்பிக்கையை இது தருகிறது.

அதே வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம், நம் மாவட்டத்தை ஒட்டிய கோலார் மாவட்டத்தில், சீனிவாசபுரம் வட்டாரக் கிராமங்களில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் பணியை 2018-ல் தொடங்கியது. நம்மைப் போன்ற மக்களின் மூளை எப்படி முதுமை அடைகிறது என்பதை, வெளிநாட்டுப் புள்ளிவிவரங்களை வைத்து ஊகிக்காமல், இங்கேயே அறியும் முயற்சி இது.

இவற்றைப் படித்த பிறகு அப்பாவை ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் மூன்று சொற்களைச் சொல்லி, வேறு விஷயம் பேசிவிட்டு, சில நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். எல்லாம் பார்த்த பிறகு அவர் சொன்னது: "பேச்சுக் கொடுத்தால் ஓ.டி.பி. மறப்பது இந்த வயதில் இயல்பு. ஓ.டி.பி. வந்ததே மறந்துபோனால், கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டால், பழகிய பாதை தவறினால், அப்போது தாமதிக்காமல் வாருங்கள்." வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு, காது மந்தம் ஆகியவற்றாலும் மறதி வரும், அவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம் என்றும் சொன்னார். எனவே பயந்து ஒளிய வேண்டாம், பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

உங்கள் ராமின் அளவை நீங்களே பார்க்கலாம். நோட்பேடைத் திறந்து, முதல் வரியில் 4 எண்கள், அடுத்ததில் 5 என்று 9 வரை, தொடர்பில்லாத எண்களாக டைப் செய்யுங்கள். வீட்டில் ஒருவர் விநாடிக்கு ஓர் எண் வீதம் படிக்கட்டும். முடிந்ததும் நீங்கள் சொல்லுங்கள். எந்த வரியில் தவறுகிறது என்று பாருங்கள்.

பிறகு வேறு எண்களை வைத்து மறுபடி செய்யுங்கள். இம்முறை எண்களைக் கேட்கும்போதே, "அ, ஆ, அ, ஆ" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருங்கள். அளவு சட்டென்று குறையும். மனதுக்குள் சொல்லிப் பார்க்கும் ரெப்ரெஷை நீங்களே தடுத்துவிட்டீர்கள், அதனால்தான். எங்கள் வீட்டில் முதல் சோதனையில் எனக்கு 7, அப்பாவுக்கு 6. இரண்டாவதில் எனக்கே 4 ஆகிவிட்டது. ஆபீசில் புரோகிராம் எழுதும்போது யாராவது தோளைத் தட்டினால் எனக்கு எல்லாம் கலைந்துபோகும். அதே கோளாறைத்தான் அப்பாவிடம் குற்றமாகச் சொல்லியிருக்கிறேன் என்று அப்போது புரிந்தது.

ஓ.டி.பி. டைப் செய்ய சில வழிகள்

செல்போனைக் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே, திரை தெரியும்படி வையுங்கள். தலையைத் திருப்பும் நேரமும் நினைவைத் தின்னும்.

ஆறு எண்களை மூன்று மூன்றாகப் பிரியுங்கள். மூன்றைப் படித்து, மூன்றை டைப் செய்து, பிறகு அடுத்த மூன்று. 471 என்பதை "நானூற்று எழுபத்தொன்று" என்று ஒரே எண்ணாக நினைத்தால் மூன்று தட்டுகளின் சுமை குறையும்.

டைப் செய்து முடிக்கும் வரை மெல்ல முணுமுணுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்கள் அந்த அரை நிமிடம் பேச்சுக் கொடுக்காமல் இருங்கள். காபியைப் பிறகு கேட்கலாம்.

யாராவது போன் செய்து, வேக வேகமாகப் பேசி, பல எண்களைச் சொல்லி, "சீக்கிரம், கணக்கை முடக்கிவிடுவோம்" என்று அவசரப்படுத்தினால் உஷாராகுங்கள். உங்கள் தட்டுகளை எல்லாம் நிரப்பிவிட்டால் யோசிக்க இடம் இருக்காது என்பது மோசடிக்காரர்களுக்குத் தெரியும். போனை வைத்துவிடுங்கள். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

மூளை அலையைத் தூண்டி நினைவாற்றலைப் பெருக்கும் என்று விற்கும் ஹெட்செட், ஒலிக் கோப்பு போன்றவற்றுக்குப் பணம் செலவிட வேண்டாம். மேலே சொன்ன மின்னோட்டச் சோதனைகள் ஆய்வகத்தில், வல்லுநர்களின் கண்காணிப்பில் நடந்தவை. வீட்டில் மின்சாரத்தை வைத்து விளையாடவே கூடாது.

சென்ற மாதக் கரண்ட் பில்லை அப்பாவே கட்டினார். நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது, பணம் கட்டிய ரசீதைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். வீட்டுக்கு வந்து, "எத்தனை தடவையில் சரியாப் போட்டீங்கப்பா?" என்று கேட்டேன். "ரெண்டாவது தடவையில. முதல் தடவை உங்கம்மா கூப்பிட்டுட்டா" என்றார்.